கப்பல் நின்ற கார்த்திகை

விமலேஸ்வரி அக்கா எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைப்பவர். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், வட்டக்கச்சியில் வீடு. காலையில் ஆறரைக்கே சைக்கிளில் வந்து அடுப்பை மூட்டிவிடுவார். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் கீரையும் பத்தரைக்குள் இறங்க வேண்டும். நான் அந்தப் பாடசாலைக்குப் புவியியல் படிப்பிக்கப் போய் எட்டு வருடமாகிறது. அவருக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பது நாலாவது வருடத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஒருநாள் சமையலறைப் பக்கம் தேநீருக்குப் போனேன். அரிசி மூட்டையின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு இளைஞன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவசரமாகப் போனை எடுத்து, "பிறகு கதைக்கிறன் அப்பு" என்று வைத்துவிட்டார்.

"ஆர் அக்கா?"

"மகன் ரீச்சர். நிரோஜன். இந்தியாவில இருக்கிறான்."

அவருடைய மகள் அனோஜாவைத்தான் எனக்குத் தெரியும். வவுனியாவில் கலியாணம் செய்து, வீட்டோடு ஒரு தையல்கடை வைத்திருக்கிறாள். கணவர் பாலனையும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம் அவருடையது. தகப்பன் வெட்டித் திருத்திய வயலைத்தான் இன்றும் செய்கிறார். மகனைப் பற்றி அக்கா மெல்ல மெல்லத்தான் சொன்னார். ஒரே தடவையில் சொல்லி முடிக்கக்கூடிய கதையாக அது இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சண்டை திரும்பவும் தொடங்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட காலம். அக்காவின் தங்கை சுதர்சினி மன்னாரில் கலியாணம் செய்திருந்தார். பிள்ளைகள் இல்லை. புருஷனும் மனைவியுமாகப் படகில் இந்தியாவுக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டு அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். படகில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. அனோஜாவுக்குப் பதின்மூன்று, நிரோஜனுக்குப் பத்து. யாரை அனுப்புவது என்று பாலனும் அக்காவும் இரண்டு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினார். பள்ளிக்கூட விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்றுதான் பிள்ளைக்குச் சொல்லியிருந்தார்.

பிரியும்போது தங்கையிடம் அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"அங்க பதியேக்க ஆற்ற பிள்ளையெண்டு கேட்பினம். உன்ர பிள்ளையெண்டு சொல்லு. தாய் தேப்பன் இல்லாமல் வந்த பிள்ளையெண்டா எங்கையாவது விடுதியில கொண்டுபோய் விட்டிடுவினம்."

இதை என்னிடம் சொன்னபோது அக்கா, "நான்தான் ரீச்சர் சொன்னனான். என்ர வாயாலதான் சொன்னனான்" என்றார். அப்போது அதை ஒரு கெட்டித்தனமாகத்தான் சொன்னார். பிள்ளையைத் தங்கையோடு ஒன்றாக வைத்திருக்கச் செய்த யோசனை பலித்துவிட்டது என்கிற மாதிரி.

அந்த ஆவணியில் வன்னிக்கான பாதை பூட்டப்பட்டது. பிறகு இடப்பெயர்வு, முல்லைத்தீவுக் கடற்கரை, செட்டிகுளம் முகாம். இரண்டு வருடத்துக்கு மேல் இந்தியாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம் கிடைத்து, கடையொன்றிலிருந்து எடுத்தபோது மறுமுனையில் உடைந்த குரலில் ஒரு பெடியன், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டானாம். தன் மகன் அந்த இந்தியத் தமிழில் கதைப்பான் என்று அக்கா நினைத்திருக்கவில்லை. "ஓம் அப்பு, நல்லா இருக்கிறன்" என்று சொன்னதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை என்றார்.

அதன்பிறகு பதினாறு வருடமாகப் போனில்தான் பிள்ளை. அவன் திருச்சிப் பக்கத்து முகாமொன்றில் வளர்ந்து, படித்து, ஒரு கம்பனியில் கணக்கெழுதும் வேலைக்குப் போனான். சித்தப்பா இறந்துபோனார். முகாமில் இருப்பவனுக்குக் கடவுச்சீட்டு இல்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது நடக்காத காரியம். ஊரோடு திரும்பி வருகிறவர்களோடு வந்துவிடு என்று பாலன் ஒருமுறை கேட்டதற்கு, "அங்க வந்து நான் என்னப்பா செய்வேன்?" என்றான். இந்தப் பக்கத்திலிருந்து போவதென்றால் வீடு கட்டி முடிய வேண்டும், அனோஜாவின் கலியாணம் முடிய வேண்டும், பிறகு கொரோனா. வருடங்கள் அப்படியே போய்விட்டன.

போன ஆவணியில் சுதர்சினி போன் எடுத்து, நிரோஜனுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது என்றார். வேறொரு முகாமைச் சேர்ந்த பிள்ளை, பெயர் மேனுகா. கார்த்திகைக் கடைசிக்குள் நாள். அக்கா அடுத்த நாளே என்னிடம் வந்து நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரீச்சர், பாஸ்போட் எடுக்கிறதுக்குப் படிவம் நிரப்பித் தருவீங்களோ? எனக்கும் இவருக்கும்."

"தங்கச்சி என்ன சொன்னவா?"

"வாங்கோ அக்கா, வரேலுமெண்டா எண்டு சொன்னவள்."

வர முடிந்தால் என்கிற அந்த 'வரேலுமெண்டா' எனக்கும் அப்போது காதில் விழவில்லை.

காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு ஓடுகிற பயணிகள் கப்பலில் இரண்டு பேருக்கும் அனோஜா இடம் எடுத்தாள். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை, கப்பல் அதற்கு முந்திய வியாழக்கிழமை. மழைக்காலத்தில் கப்பல் இடைக்கிடை நிற்கும் என்று நான் சொன்னேன். "மூண்டு நாள் முந்திப் போறம்தானே ரீச்சர்" என்றார். விசாவுக்கு யாழ்ப்பாணம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விசா வேலை முடிந்ததும் நேரே புடைவைக் கடைக்கு. கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதானே வழக்கம். இரண்டு மணித்தியாலம் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, அரக்குச் சிவப்பில் ஒன்றைத் தெரிவு செய்தார். நெசவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது வானொலியில் தாழமுக்கம் என்றார்கள். வங்காள விரிகுடாவின் தெற்கே உருவாகிறதாம், வலுக்கக் கூடுமாம். அடுத்த பாடசாலை நாள் காலையில் அக்கா சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். அந்த அறைக்குள் அவர் வழமையாக வருவதில்லை.

"ரீச்சர், போனில காத்து ஓடுறதைப் பார்க்கலாமாம். மெய்யோ?"

நான் காட்டினேன். நீலமும் பச்சையுமான கடல், அதன்மேல் வெள்ளை மயிர்கள் போலக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. இலங்கைக்குத் தென்கிழக்கே மயிர்கள் ஒரு இடத்தைச் சுற்றிச் சுருண்டன.

"இதில நாங்கள் எங்க?"

கிளிநொச்சியைத் தொட்டுக் காட்டினேன்.

"காங்கேசன்துறை? நாகபட்டினம்?"

அதையும் காட்டினேன். அவர் தன் சுண்டுவிரலை இரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். விரலின் அகலம்கூட இல்லை.

"இவ்வளவுதானோ?" என்றார். பத்தொன்பது வருடம் அவர் மனதில் அந்தக் கடல் வேறு அளவில் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்தார். முதல் இரண்டு நாளில் வரைபடத்தை என்னைவிட வேகமாக வாசிக்கப் பழகிவிட்டார். காற்றின் நிறம் பச்சையிலிருந்து மஞ்சளாவதும், மஞ்சளிலிருந்து சிவப்பாவதும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒருநாள் புயல் சென்னைப் பக்கம் போகிறது என்று காட்டியது. அடுத்த நாள் அதே படம் திருகோணமலையைக் காட்டியது. இன்னொரு செயலியில் பார்த்தால் அது முல்லைத்தீவுக்கு மேலால் ஏறி வந்தது.

"ரெண்டும் ரெண்டு கதை சொல்லுது. எதை நம்புறது?"

"இது இந்தியாவுக்குப் பக்கத்தால போயிடும் அக்கா. பயப்பிடாதேங்கோ" என்றேன். புவியியல் ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். அந்த வரைபடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆறுதலுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை அவர் படத்தைப் பார்த்தபடியே, "மட்டக்களப்புப் பக்கம் போய் ஏறினா எங்கட பக்கம் ஒண்டும் வராது, என்ன?" என்று கேட்டார். கேட்ட உடனேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அங்கயும் சனம்தானே இருக்குது." பிறகு சமையலறைக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பருப்பில் உப்பே இல்லை.

புதன்கிழமை பாடசாலைகளை மூடிவிட்டார்கள். மழை நின்று பெய்தது. கப்பல்காரர் அனோஜாவின் போனுக்குத் தகவல் அனுப்பியிருந்தார்கள்: காலநிலை காரணமாகச் சேவை மறு அறிவித்தல்வரை நிறுத்தம். பலாலியிலிருந்து விமானத்தில் போகலாமா என்று அனோஜா தேடினாள். வியாழனுக்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை விமானமே இல்லையென்றாகிவிட்டது.

அந்தப் புதன் பின்னேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தார். பின்னணியில் தகரத்தில் மழை விழும் சத்தம்.

"மகனோட கதைச்சனான் ரீச்சர். கொஞ்சம் பிந்திப் போடேலாதோ அப்பு எண்டு கேட்டன். மண்டபம் புக் பண்ணியாச்சும்மா, பொண்ணு வீட்ல ஒத்துக்க மாட்டாங்க எண்டான். மார்கழியில நாள் இல்லைத்தானே, தைக்கு வைப்பம் எண்டு கேட்டுப் பார்த்தன். அதுக்கு, அம்மா, நீங்க புயல்ல கடல்ல வர வேணாம், பத்திரமா இருங்க, அது போதும் எண்டு சொன்னான். பார்த்தீங்களே? தன்ர கலியாணத்தை விட என்னைப் பற்றித்தான் யோசிக்கிறான்."

அதற்குப் பிறகு போன்கள் வேலை செய்யவில்லை.

புயல் கிழக்கில் தரையேறி, நாட்டுக்குள்ளால் ஊர்ந்து வந்து, எங்களுக்கு மேலாலும் போனது. வன்னியில் காற்றைவிடத் தண்ணீர்தான் அழித்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கீழே இருந்த வயல்களெல்லாம் கடலாகின. பாலன் விதைத்து நாற்பது நாளான பயிர் ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே கிடந்தது. வியாழன் மத்தியானமே அவர்கள் இருவரும் கைக்கு அகப்பட்டதோடு எங்கள் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள். கப்பலுக்குக் கட்டிய பயணப்பை இரண்டும் கட்டியபடியே இருந்ததால் அவற்றையே தூக்கிக்கொண்டு வந்தார்களாம். எழுபத்தைந்து குடும்பம் வகுப்பறைகளில். அக்காவை யாரும் கேட்கவில்லை. அவராகவே அடுப்பை மூட்டினார்.

என் வீடு கிளிநொச்சி டவுனுக்கு அந்தப் பக்கம். பாதை வடிந்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நான் பாடசாலைக்குப் போக முடிந்தது. அன்றுதான் கலியாணம்.

வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. ஒரு இலை அசையவில்லை. அக்கா பெரிய கிடாரத்தில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "இண்டைக்குக் கப்பல் ஓடலாம்தானே ரீச்சர்? பாருங்கோ, காத்தே இல்லை."

"கடல் இன்னும் கொந்தளிப்பாத்தான் இருக்கும் அக்கா."

"ஓம், இருக்கும்" என்றார்.

பாலன் போனைக் கையில் பிடித்தபடி தண்ணீர்த்தாங்கி ஏணியில் ஏறி நின்றுகொண்டிருந்தார். அங்கே நின்றால் சில நேரம் சிக்னல் கிடைக்குமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. முகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டு தொடக்கம். ஒன்பது மணியானதும் அக்கா அகப்பையை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். நிவாரணத்துக்கு வந்த அரிசியில் ஒரு கை அள்ளி, மஞ்சள் தூளைப் போட்டுப் பிசைந்தார். வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"இந்தியா எந்தப் பக்கம் ரீச்சர்?"

நான் வடமேற்கைக் காட்டினேன். அந்தப் பக்கம் பாடசாலையின் மலசலகூடமும் அதற்குப் பின்னால் வெள்ளம் நின்ற வயலும்தான் தெரிந்தன. பாலன் ஏணியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேருமாக, மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடுவதுபோல அந்தத் திசைக்கு அரிசியை எறிந்தார்கள். எங்கிருந்தோ நாலைந்து கோழிகள் ஓடி வந்து பொறுக்கின. அக்கா திரும்பிப் போய் அகப்பையை எடுத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து, வவுனியாவிலிருந்து பஸ் ஓடத் தொடங்கியதும் அனோஜா வந்தாள். கலியாண வீடியோ அவளுடைய போனுக்கு வந்திருந்தது. வகுப்பறையொன்றில் கதிரைகளைப் போட்டு எல்லோரும் சுற்றி இருந்தோம். அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மகன் பட்டு வேட்டியில் நின்றான். அவன் பக்கத்தில், தாய் நிற்க வேண்டிய இடத்தில் சுதர்சினி நின்றார். ஐயர் கேட்டதையெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். "பாவம், நான் இல்லாததுக்கு அவள்தான் எல்லாத்தையும் செய்திருக்கிறாள்" என்றார் அக்கா. பெண் கூறை மாற்றிக்கொண்டு வந்தபோது, "வடிவான பிள்ளை" என்றார்.

அனோஜா வீடியோவை நிறுத்தினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். திரும்பவும் பெரிதாக்கினாள்.

"அம்மா, இந்தச் சட்டையைப் பாருங்கோ."

"என்ன?"

"கூறைக்குப் போட்டிருக்கிற சட்டை. கூறையின்ர துணியில வெட்டினது. கையில கல்லு வேலை, முதுகில நூல் வேலை. இதை நான் தைக்கிறதெண்டா மூண்டு கிழமை வேணும். எந்தப் பெரிய கடையில குடுத்தாலும் பத்துப் பதினைஞ்சு நாளுக்குக் குறையாது." அவள் தாயின் முகத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துச் சொன்னாள். "கப்பல் நிண்டது புதன்கிழமை. கலியாணம் ஞாயிற்றுக்கிழமை."

அக்காவுக்கு விளங்கச் சற்று நேரமானது. அவர் யாழ்ப்பாணத்தில் எடுத்த கூறை, அந்த வகுப்பறை மூலையில், பயணப்பைக்குள் நனையாமல் இருந்தது.

"தங்கச்சிக்குப் போன் எடு" என்றார்.

நான் எழும்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். அனோஜா போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தாள்.

"சுதா, கூறை எப்ப எடுத்தனீங்கள்?"

"ஐப்பசியில அக்கா."

"நான் எடுத்து வைச்சிருக்கிறன் எண்டு உனக்குச் சொன்னனான்தானே."

"சொன்னனீங்கள்."

"பிறகு?"

"அக்கா, அவையளுக்கு நான்தான் தாய் எண்டு தெரியும். முகாமில பதிவு அப்பிடி. அவன்ர பள்ளிக்கூடச் சேர்டிபிகேட் அப்பிடி, ஆதார் அப்பிடி. இப்ப போய் இல்லை எண்டா, பதிவில பொய் சொன்னதெண்டு அவன்ர வேலைக்கும் பிரச்சினை, எனக்கும் பிரச்சினை. பொம்பிளை வீட்டுக்கு என்னெண்டு சொல்லுறது? இவ்வளவு நாளும் ஏமாத்தினதோ எண்டு கேட்பினம்." சுதர்சினி அழத் தொடங்கியிருந்தார். "உங்களை வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் வந்து இறங்கினா என்ன செய்யிறது எண்டு ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. குறை நினைக்காதேங்கோ அக்கா. புயல் வருது, கப்பல் நிண்டிட்டுது எண்டு கேட்டவுடன எனக்கு மூச்சு வந்த மாதிரி இருந்துது."

"அவனுக்கும் அப்பிடித்தானோ?"

சுதர்சினியின் அழுகை கூடியது.

அக்கா சத்தம் போடவில்லை, அழவுமில்லை. போனை அனோஜாவிடம் தள்ளிவிட்டு, "சரி, வை" என்றார். வெளியே போய் அரிசி புடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே புடைத்து வைத்திருந்த அரிசி அது.

அனோஜா அன்றைக்கு என்னிடம் வேறொன்றையும் சொன்னாள். தாய்க்குக் கேட்காதென்று நினைத்திருப்பாள். "அவனைக் காப்பாத்தத்தான் என்னை விட்டிட்டு அவனை அனுப்பினவை. நான் அவையளோட சாகக் கிடந்து வந்தனான். இப்ப அவனுக்கு இவையளைச் சொல்ல வெட்கமாய் இருக்குது." புடைக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குப் போனார்கள். வயலில் மணலும் அழுகலும்தான் மிச்சம். அந்தப் போகம் அவ்வளவுதான்.

மாசியில் கப்பல் திரும்ப ஓடத் தொடங்கியது. பழைய ரிக்கற்றுக்கு வேறு திகதி தருவதாகக் கப்பல்காரர் அறிவித்தார்கள். விசாவிலும் நாள் மிச்சம் இருந்தது. அக்கா போவதென்று முடிவெடுத்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பாலன் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "நான் அவனுக்குப் பெரியப்பாவாப் போய் நிக்கேலாது. நீ போறதெண்டா போ."

"ஏன் அக்கா போறீங்கள்?" என்று கேட்டேன்.

"முகத்தைப் பார்க்க வேணும் ரீச்சர். போனில பார்க்கிறது ஒரு முகமோ?"

வருகிறேன் என்று சொல்ல அவர் மகனுக்கு எடுத்தபோது, அவன் "வாங்கம்மா" என்றான். பிறகு "ஆனா…" என்று இழுத்தான். எத்தனை நாள் அந்த 'ஆனா'வை மனதில் வைத்துக்கொண்டிருந்தானோ. அக்கா அவனை மேலே சொல்ல விடவில்லை.

"எனக்கு விளங்குது அப்பு. பெரியம்மா வாறா எண்டு சொல்லு."

அவன் "தேங்க்ஸ்மா" என்றானாம். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கூறையை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பெரியம்மா கூறை கொண்டுபோவதில்லை. மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் கொஞ்ச எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டு தனியாகப் போனார். கடல் அன்று குளம்போல இருந்ததாம். என்றாலும் போகும் வழி முழுக்கச் சத்தியெடுத்தார்.

நாகபட்டினத்தில் சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது நிரோஜனும் மேனுகாவும் நின்றார்கள். பத்து வயதில் மன்னாரில் விட்ட பிள்ளை, இப்போது பாலனைவிட உயரம். முன் தலையில் மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. போனில் அது தெரிந்ததில்லை. அவன் முன்னால் வந்து, குனிந்து காலைத் தொட்டு, "வாங்க பெரியம்மா. பயணம் எப்படி இருந்துச்சு?" என்றான்.

"தெளிவாச் சொன்னான் ரீச்சர். ஒரு தடுமாற்றமும் இல்லை. வீட்டில சொல்லிப் பார்த்திருப்பான் போல."

அவர்கள் முகாமுக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். சுதர்சினியும் அவர்களோடுதான். தங்கையும் அக்காவும் ஒரு குசினிக்குள் நின்று சமைத்தார்கள். உப்புக் காணுமோ, புளி போதுமோ என்பதைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. மருமகள் நல்ல பிள்ளை என்றார் அக்கா. அதை ஒரு குற்றச்சாட்டைப் போலத்தான் சொன்னார். கூடாதவளாக இருந்திருந்தால் கோபப்படுவதற்கு ஒரு இடம் கிடைத்திருக்கும். மேனுகா அவருக்குத் தலை வாரிவிட்டாள், கால் நோவுக்கு எண்ணெய் பூசிவிட்டாள், ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவள் பிறந்ததே முகாமில்.

மூன்றாம் நாள் மத்தியானம் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனுகா அக்காவின் இலையில் கத்தரிக்காயை வைத்தபடி சாதாரணமாகக் கேட்டாள்:

"பெரியம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

சுதர்சினி தண்ணீர் எடுக்க எழும்பினார். நிரோஜன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான். தலை நிமிரவில்லை. அக்கா அவனுடைய கையைப் பார்த்தார். ஒரு கணம் அவன் ஏதாவது சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தாராம். "சொல்ல வேணுமெண்டு நான் நினைக்கேல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்தன்."



"ஒண்டுதான் பிள்ளை" என்றார் அக்கா. "ஒரு பொம்பிளைப்பிள்ளை. வவுனியாவில தையல்கடை வைச்சிருக்கிறாள்."

"ஒண்ணே ஒண்ணா?" என்று மேனுகா பரிதாபப்பட்டாள். நிரோஜன் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொழுதுபட்ட பிறகுதான் வந்தான். பெரியம்மாவுக்கென்று ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்திருந்தான்.

இரண்டு கிழமைக்கென்று போனவர் ஆறாம் நாள் கப்பலில் திரும்பி வந்தார். காங்கேசன்துறைக்கு அனோஜா போயிருந்தாள். தாயைக் கண்டதும், தான் சொல்லியிருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாளாம். "என்ர பிள்ளை மெலிஞ்சு போனாள் ரீச்சர், நான் கவனிக்கவேயில்லை" என்று அக்கா அன்றுதான் சொன்னார். பாலன் வீட்டு வாசலில் நின்று, "எப்பிடி இருக்கிறான்?" என்று கேட்டார். "முன்னால மயிர் கொட்டுது" என்றார் அக்கா. அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சில்லை. எனக்குச் சொன்னதையெல்லாம் அவர் பாலனுக்குச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இப்போதும் அவர்தான் எங்கள் பாடசாலையில் சமைக்கிறார். காலை ஆறரைக்குச் சைக்கிள் வந்துவிடும். மேனுகாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்ற செய்தி போன கிழமை வந்தது. நிரோஜன் முன்னைப்போலவே போன் எடுக்கிறான். முன்னைவிட அடிக்கடி என்றும் சொல்லலாம். அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுப்பார். முந்தியெல்லாம் "சொல்லு அப்பு" என்றுதான் தொடங்குவார். இப்போது முதலில் கேட்பது வேறு.

"பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

அவன் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குகிறார்.